கிற்றாருக்குப் போட்ட பலகை

நான் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வெறுமனே தாருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

எங்கள் குடியேற்றத்தின் வட்ட விதானை நான். குளத்துத் தண்ணீர் வெளியே பாயும் துருசின் திறப்பு என் இடுப்புக் கயிற்றில்தான் தொங்கும். நான் விட்டால்தான் வயலுக்குத் தண்ணீர்.

நில அளவைக்கு வந்திருந்த பறங்கித் துரை அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது தன் பழைய கிற்றாரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். கழுத்துக் கோணி, முகப்பலகை வெடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. குசினிக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் திருத்தத் தொடங்கினேன். பசை காய்ச்சினேன், கழுத்தை நிமிர்த்தினேன். முகத்துக்குத்தான் மரம் வாய்க்கவில்லை. அலுமாரிக் கதவை அறுத்துப் பார்த்தேன், வளைந்துவிட்டது.

"இனி என்ரை சீலையளை எங்கையப்பா வைக்கிறது?" என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி. நியாயமான கேள்விதான். பிறகு தொட்டிலை அறுத்தேன், அதுவும் சரிவரவில்லை. பிள்ளை பாயில் படுத்துப் பழகிவிட்டது.

துருசை அடைக்கும் பலகை முதிரை மரம். எத்தனையோ காலம் தண்ணீரில் கிடந்தும் மயிரிழைகூட வளையாதது. ஊர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் அதைக் கழற்றினேன். துருசை வெறுமையாக விட்டுவிட்டு வர நான் என்ன பொறுப்பில்லாதவனா? கிற்றாரின் பழைய முகப்பலகையை அந்த இடத்தில் செருகிவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை குளத்துச் சேற்றில் கொக்குகள் நடந்து திரிந்தன. நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம், தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரம். ஊரே குளக்கட்டில் நின்று அழுதது, எனக்கும் கண் கலங்கியது. விதானை என்ற முறையில் விசாரித்தேன். வாய்க்காலின் கடைசி வயல்காரன் கனகலிங்கத்தின் வயலில் தண்ணீர் முழங்காலளவு நின்றது. அவனைப் பிடித்து உங்களிடம் ஒப்படைத்தேன்.

"விதானையார், நான் குளக்கட்டுப் பக்கமே போகேல்லை. என்ரை பயிரும் சாய்ஞ்சுதானே போச்சு" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்று வந்தது அவனுக்காக அல்ல. உங்கள் ஆட்கள் அடித்த அடியில், பலகையை விறகாக எரித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட முதிரையை யாராவது எரிப்பார்களா? அது என் வீட்டில், கிற்றாரின் முகமாகப் பத்திரமாக இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கும்.

பலகையை எடுத்தவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். துருசைத் திறந்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள், நான் அடைத்துவிட்டுத்தான் வந்தேன். அடைத்த பலகையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது உண்மைதான். கிற்றார் என்றால் ஓட்டை இருக்கத்தானே வேண்டும், ஐயா.