ஏழாம் மலைக்கு மேலே

லட்சுமியம்மாளின் காபியில் நான் ஒருநாளும் சர்க்கரை போட்டதில்லை. அவரே கெஞ்சிக் கேட்டும் போட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்த வீட்டில் வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம். அவரைக் குளிக்க வைக்க வேண்டும், தலை பின்ன வேண்டும். நெஞ்சை அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் இடுப்புச் சுருக்குப்பையில் எந்நேரமும் இருக்க வேண்டும். எனக்கு அதிகம் பேச வராது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"அன்பு, நீ ஊட்டுல இருக்கறயா இல்லியான்னே தெரியறதில்ல கண்ணு" என்பார்.

அந்த வீட்டின் துவைகல்லிலிருந்து பார்த்தால் வெள்ளியங்கிரி தெரியும்; ஏழு மலை, உச்சியில் சிவன். எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் வருடம் தவறாமல் ஏறுவார்கள். என் அண்ணன் பிரவின்குமாரும் போவான். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், "உனக்கெதுக்குடி அது? கல்லும் காத்துந்தான்" என்பான். வயதுக்கு வந்த பெண்கள் அந்த மலை ஏறும் வழக்கமில்லை. வயதான பிறகு போகலாம். லட்சுமியம்மாள் அப்படிக் காத்திருந்தவர்தான். "போற வயசு வந்தப்ப முட்டி போயிருச்சு அம்மணி" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அன்று இரவெல்லாம் என் முட்டியைத் தடவிக்கொண்டு படுத்திருப்பேன்.

இந்தத் தை மாதம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவ அவர் மகன் திருமூர்த்தி அண்ணன் ஹெலிகாப்டர் வரவழைத்தார். கலசத்தில் தீர்த்தம் ஊற்றியதும் வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்டியது. பூத்தூவி முடித்து அது சோளக்காட்டில் இறங்கியதும், அம்மாவுக்கு மலையை ஒரு சுற்றுக் காட்டிவிட்டு அனுப்பலாம் என்றார் அண்ணன். துணைக்கு என்னையும் ஏறச் சொன்னார்.

"ஏனுங்ண்ணா, நானுமுங்களா?"

"நீ இல்லாம அம்மா கக்கூசுக்கே போவாது. ஏறு, ஏறு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் ஏறிவிட்டேன்.

ஓட்டுபவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. மலையில் பனி மேலேறிக்கொண்டிருக்கிறது, மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே திருப்பிவிடுவேன் என்றார். அதை அண்ணன்தான் எங்களுக்குச் சொன்னார். எங்களை இறக்கிவிட்டு அது அப்படியே ஊர் திரும்புகிறதாம். அப்படியென்றால் எனக்கு இந்த ஒரு தடவைதான்.

அண்ணன் முன்னால், ஓட்டுபவர் பக்கத்தில். நாங்கள் இருவரும் பின்னால். பேசுவதற்கு மைக் வைத்த ஹெட்போன் கொடுத்தார்கள். லட்சுமியம்மாளுக்கு அது கொண்டைமேல் உட்காராமல் வலித்தது. கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டு, அவர் காதில் பஞ்சு வைத்து, சால்வையைப் போர்த்திவிட்டேன். அக்கறையாகத்தான் செய்தேன். அந்த இரைச்சலில் அதன் பிறகு அவர் பேசுவது யாருக்கும் கேட்காது என்பது அப்போது என் மனதில் இல்லை.

பாக்குத்தோப்பு கீழே போனது. வாய்க்கால் போனது. மலை எங்களைப் பார்த்து வந்தது. இடுக்குகளில் பனி பாலாடை போலத் தேங்கிக் கிடந்தது.

அப்போது லட்சுமியம்மாள் என் கையைத் தட்டினார். அந்தக் குளிரிலும் முகம் வேர்த்திருந்தது. வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிக் காட்டினார். எனக்குப் பழகிய சைகைதான்.

சுருக்குப்பையைத் திறந்தால் அண்ணன் பார்த்துவிடுவார். பார்த்தால் திருப்பச் சொல்வார். உச்சி இன்னும் வரவில்லை, பனியோ ஏறிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வீட்டிலும் சில நாள் சற்றுப் பொறுத்தால் அவருக்குத் தானாகவே சரியாகியிருக்கிறது.

"அன்பு, அம்மா என்ன பண்ணுது?" ஹெட்போனில் அண்ணன் கேட்டார். பெல்ட்டு போட்டிருந்ததால் அவரால் முழுதாகத் திரும்ப முடியவில்லை. செல்போனைத் தோளுக்கு மேலே தூக்கி வீடியோ படம் எடுத்தார். நான் லட்சுமியம்மாளின் இரண்டு கைகளையும் சேர்த்து, சால்வைக்கு அடியிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"கும்பிட்டுட்டு இருக்காங்ண்ணா. கண்ணுல தண்ணி வருதுங்க."

"அழுவட்டும், உடு. எத்தன வருசத்து ஆசை."

பிறகு ஏழாவது மலை வந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பெரிய பாறைகள், அவற்றுக்கு நடுவே இருட்டாக ஒரு வாசல், காற்றில் படுத்துப் படுத்து எழும் புல். கல்லும் காற்றும்தான். பிரவின்குமார் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் பாறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன். நான் மேலிருந்து பார்த்தேன்.

ஓட்டுபவர் விரலைச் சுழற்றி, இன்னொரு சுற்று போகட்டுமா என்று கேட்டார். அண்ணன் என்னைக் கேட்டார்.

"அம்மா போலாங்கறாங்க" என்றேன்.

தரையிறங்கியதும் முதலில் கத்தி அழுதது நான்தான். அது நடிப்பில்லை. கும்பாபிஷேகத்தன்று மலையைப் பார்த்துக் கும்பிட்டபடியே போன உயிர் என்று ஊரே பேசியது. பெண்கள் வரிசையில் நின்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அண்ணன் எடுத்த படம் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. என் செல்போனிலும் இருக்கிறது. அவருக்கு அப்படியொரு நல்ல பேர் என்னால்தான் கிடைத்தது. அதை ஒருவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

நீங்கள் அந்தப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, சால்வைக்கு அடியில் தெரிவது யார் விரல் என்று கேட்டீர்கள். என் விரல்தான் இன்ஸ்பெக்டர் மேடம். மயங்கிப்போனவரின் கையை நான் சேர்த்து வைத்ததாக நினைக்கிறீர்கள். அப்படி எழுதிவிடாதீர்கள், அது தப்பு. முதல் சுற்று முழுக்க அந்தக் கை என் பிடியிலிருந்து விலக இழுத்துக்கொண்டே இருந்தது. மகனின் தோள் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் விடவில்லை. இரண்டாவது சுற்றில் இழுப்பது நின்றது. அதற்கப்புறம்தான் லட்சுமியம்மாள் கண் இமைக்காமல், அமைதியாக மலையைப் பார்த்தார்.