முதல் பதிவில் என் மாமியார்

வெந்நீரில் நிதானமாகக் குளிப்பது எனக்குப் பிடிக்கும். அது ஒரு குற்றம் என்று நீங்களும் நினைக்கமாட்டீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் நான் குழாயைத் திறந்ததும் குளியலறைக் கதவுக்கு வெளியே என் மாமியாரின் குரல் கேட்கும். "மாப்பிள்ளை, உள்ளே இருக்கீங்களா, தூங்கிட்டீங்களா?" நான் சாப்பிடும்போது சத்தம் வருகிறதாம். துண்டைக் கோணலாகக் காயப்போடுகிறேனாம். தங்கமான மனுஷிதான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா?

விசாரணைக்கு வேண்டியதைச் சொல்கிறேன். நம்முடைய கல்யாண வரன் தளத்தை எழுதியவன் நான். எழுதிய புதிதில், சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணின் விவரம் தேவைப்பட்டது. கைப்பேசியில் மாமியாரின் புகைப்படம் இருந்தது, எண்ணும் இருந்தது. வயது இருபத்தெட்டு, பொழுதுபோக்கு நீச்சல் என்று போட்டேன். அவருக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலே பயம். தளத்தின் முதல் பதிவு அதுதான். பிறகு அழிக்க மறந்துவிட்டேன். தேடலில் ஏதாவது பிழை வந்தால் வெறும் திரையைக் காட்டாமல் முதல் பதிவைக் காட்ட வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற மரியாதைதான்.

போன மாதம் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். மறுநாள் தளம் படுத்துவிட்டது. காரணம் டிரைவர். தளம் கேட்பதைத் தரவுத்தளத்திடம் சொல்லி, பதிலை வாங்கிவரும் சின்ன மென்பொருள் அது, ஒருவிதத் தரகர். பழைய தரகருக்குப் புது வீட்டின் பேச்சு புரியவில்லை. முதலாளியிடம் போய் டிரைவர் ஒத்துவரவில்லை, மாற்ற வேண்டும் என்றேன்.

"தாராளமா மாத்துங்க. போன வாரம்கூட வண்டியைக் கொண்டுபோய் கேட்டுல இடிச்சான்" என்றார்.

நான் விளக்கி முடிப்பதற்குள் அவருடைய கார் டிரைவர் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

புது டிரைவரைப் போட்டேன். தளம் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் இந்தத் தரகர் வயதை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினார். தரவுத்தளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு தேடலும் பிழை. ஆகவே யார் எந்த மாதிரிப் பெண்ணைத் தேடினாலும் என் மாமியார் வந்து நின்றார்.

அன்று மாலை வீட்டில் அவருடைய கைப்பேசி ஓயவில்லை. முதலில் ஒரு கால்நடை மருத்துவர் பேசினார். மாமியார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நீச்சல் எல்லாம் எனக்கு வராது தம்பி. அது கிடக்கட்டும், உங்களுக்கு ஏன் இன்னும் பொண்ணு அமையலை, அதைச் சொல்லுங்க" என்றார். நான் குளிக்கப் போனேன். தொட்டி காலியாகும்வரை குளித்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். கண்ணில் எதுவும் தப்பாது என்பதால் கழுகு என்போம். மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, டிரைவர்ல இதுக்கு முந்தின பதிப்பைப் போட்டா வயசு ஒழுங்கா போகுது" என்றாள். போட்டும்விட்டாள். அன்று மாலை கைப்பேசி ஊமையானது. மாமியார் என் துண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

காலையில் நான் பழையபடி மாற்றிவைத்தேன். அவள் சரிசெய்தாள். நான் மாற்றினேன். தான் செய்ததாக நினைத்ததைத் தான் செய்யவே இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண் மருத்துவரைப் பாரேன் என்று அக்கறையோடு சொன்னேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியோடு வந்தாள். கண்ணாடியோடும் அதையேதான் கண்டுபிடித்தாள். வேறு வழியில்லாமல், அவளுடைய கணினிதான் மற்ற கணினிகளோடு ஒத்துப்போகாமல் நிற்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அவளைப் புகார் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற நாற்காலி அது. நிழலாவது உண்டே என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் மகனுக்காக அழைத்தார். என் மாமியாரைப் போலவே துணையை இழந்தவர். மகனைப் பற்றிய பேச்சு முதல் அழைப்போடு முடிந்தது, அழைப்புகள் முடியவில்லை. என் மாமியார் பால்கனியில் சிரித்ததை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு மாமியார் நன்றி சொல்ல நம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்தது கழுகு. எண்ணைப் பார்த்தாள், முதல் பதிவைப் பார்த்தாள், தன் மருமகனும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று மாமியார் சொன்னதும், மருமகன் யார் என்று கேட்டாள். நீங்கள் என்னை இங்கே உட்கார வைத்திருப்பது அதனால்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். தளம் மூன்று வாரம் கெட்டுக் கிடந்ததற்கு டிரைவர் காரணமில்லை. ஒரு வரியில் சரியாகியிருக்கும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த மூன்று வாரத்தில் ஊரிலுள்ள ஒரு வாலிபனுக்கும் வேறு பெண் கண்ணில் படவில்லை.

பலன் என்ன என்று கேட்டீர்கள். மெக்கானிக் தன் வீட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். இப்போது கதவுக்கு வெளியே இரண்டு குரல். அவர் வெந்நீர்க் கருவியின் சூட்டையும் குறைத்து வைத்துவிட்டார்.

நேற்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. காய் நறுக்கிக்கொண்டே, "அம்மா தனி வீடு பார்த்துட்டுப் போறேன்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் புடிச்சு வெச்சேன்" என்றாள்.

பாருங்கள். மாமியார் அதை நேராக என்னிடமே சொல்லியிருந்தால் இத்தனை பேருக்குத் தொல்லை நேர்ந்திருக்குமா? தவறு எங்கே தொடங்கியது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் வயதில் பெரியவர், நான் மன்னித்துவிட்டேன்.