லொரெட்டா அம்மையார் எடுத்துக்கொண்ட தவறு

ஆல்டர் ரிட்ஜ் நகர நிலப் பயன்பாட்டு அலுவலகத்தின் தலைவியே, வரைபடங்களை வசப்படுத்திய வல்லமையே, முப்பத்தோராண்டும் முகம் சுளிக்காத முதல்வியே, லொரெட்டா வாண்டர்மோலன் அம்மையீர், வணக்கம்!

எந்தத் தெருவில் கடை, எந்தத் தெருவில் வீடு, எங்கே பள்ளி என்று பிரித்துச் சொல்லும் பொல்லாத பணியில், கத்திக்கொண்டு வந்தவர்களையும் கைகுலுக்கி அனுப்பிய கனிவு உங்களுடையது. உங்கள் பணி ஓய்வு விழாவுக்கான இம்மடலை எழுதும் பொறுப்பு துணை அலுவலர் வெண்டெல் ஸ்ட்ரவுடின் தலையில் விழுந்தது. ஆகவே அவருடைய வயிற்றெரிச்சலும் இதில் கலந்திருக்கும், பொறுத்தருள்க.

அதே விதிப்புத்தகம், அதே பக்கம், அதே 'அனுமதி இல்லை'. அவர் சொன்னால் கதவை அறைந்து சாத்துகிறார்கள். நீங்கள் சொன்னால் மறுநாள் ஆப்பிள் கேக்கோடு வருகிறார்கள். உங்கள் கேக்கில் அவரும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பங்கு தின்றார். ஒரு துண்டும் இனித்ததில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் சிலர் கூடி அரசு நிதியில் தனியே தொடங்கிய சார்ட்டர் பள்ளிக்கு ஹார்மன் சாலையில் மூடிக்கிடந்த பலசரக்குக் கடையைக் கேட்டார்கள். பள்ளிக்கும் மதுக்கடைக்கும் நடுவே ஐந்நூறு அடி இருக்க வேண்டும் என்பது விதி. வெண்டெல் அளந்தார்: ஐந்நூற்று நாற்பது. நீங்கள் நம்பிக் கையெழுத்திட்டீர்கள். பொது விசாரணை அன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று அளவுச் சக்கரத்தை நீங்களே நடைபாதையில் உருட்டிப் பார்த்தீர்கள். விதி சொல்லும்படி மனையின் எல்லைக்கு எல்லை அளந்தால் நானூற்று எழுபதுதான்.

"லொரெட்டா, நான் வாசலுக்கு வாசல் அளந்துட்டேன். இன்னும் என்னை நிரந்தரம்கூட ஆக்கலை. என் வேலை போச்சு" என்றார் அவர்.

"கையெழுத்துப் போட்டது நான்தானே? நீ வாயத் திறக்காம உக்காரு" என்றீர்கள்.

அன்று மாலை அரங்கில் ஒரு பக்கம் பெற்றோர். மறுபக்கம், கார் வரிசை தங்கள் வாசலை அடைக்கும் என்று அஞ்சிய தெருக்காரர்கள். நீங்கள் எழுந்து, "அளவு தப்பு. தப்பு என்னோடது" என்றீர்கள்.

இடம் கைநழுவிப்போன ஒரு தந்தையே முதலில் எழுந்தார். "இந்த ஆபீஸ்ல தப்ப ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதாம்மா" என்று கைதட்டினார். இரு பக்கமும் தட்டியது. வேலை தப்பியதே என்று மகிழ வேண்டிய வெண்டெல், தான் செய்த தவறுக்கும் உங்களுக்கல்லவா கைதட்டல் என்று வெந்துபோனார்.

மறு மாதமே, பூட்டிக்கிடந்த பந்துருட்டு (பௌலிங்) விளையாட்டு அரங்கத்தை அவர்களுக்குத் தேடிக் கொடுத்தீர்கள். இன்று அங்கே முந்நூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். கூடத்தில் உங்கள் படம்; அடியில் 'தன் தவற்றை ஒப்புக்கொண்டவர்' என்ற வரி. கார் நிறுத்துமிடத்தைச் சோதிக்க ஆண்டுதோறும் செல்லும் வெண்டெல், ஆண்டுதோறும் அதைப் படிக்கிறார்.

உங்கள் நாற்காலி அவருக்கா இல்லையா என்று திங்கட்கிழமை முடிவெடுக்கப்போகும் நகர மன்றத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதுபட, இம்மடலை அவரே உரக்கப் படிக்கிறார். அந்தத் தவறு வெண்டெல் ஸ்ட்ரவுடுடையது. அம்மையீர், உங்களிடமுள்ள எல்லாவற்றின் மீதும் அவருக்குப் பொறாமைதான். திருப்பிக் கேட்பது அந்தத் தவறு ஒன்றை மட்டுமே. படம் கூடத்திலேயே இருக்கட்டும், வரியை மாற்றச் சொல்லுங்கள்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ்க. கேக் வரும் வாசல் இனி உங்கள் வீட்டு வாசலாகுக.

அன்பில் குறையாத
அலுவலக ஊழியர்கள்

வாசலுக்கு வாசல் அளந்தவர்,
வெண்டெல் ஸ்ட்ரவுட்