கர்ரூபாவும் ஒரு ஊராம்

"…அதையும் ஒரு ஊரெண்டு சொல்லுறாங்கள் பிள்ளை. ரெயில் இறக்கி வைச்சிட்டு ஏத்த மறந்துபோன சாமான் அது."

மரியமலர் இதைச் சொன்னபோது நான் அங்கே இருக்கவில்லை. சிசிலியில், பலேர்மோவில் இருந்து புறப்பட்ட காலை ரெயிலில் அவளுக்கு எதிரே இருந்தவள் எனக்குத் தெரிந்த கிளறா. கிளறா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

மரியமலருக்குப் பலேர்மோ லிபெர்த்தா தெருவில் சின்யோரா என்று அவள் கூப்பிடுகிற ஒரு வயதான அம்மாவைப் பார்க்கிற வேலை, பக்கத்தில் போர்கோ வெக்கியோவில் வாடகை வீடு. போன மாரியில் சின்யோரா, பிறந்த வீட்டிலேதான் சாவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மரியமலரும் வீட்டை விட்டுவிட்டுக் கூடப் போனாள். அந்த வீடு இருப்பது கர்ரூபாவில். புது விலாசத்தைப் பதியக் கேட்டதற்கு, இப்போது அந்த ஊர் நகரசபையான கொமூனேயில் இருந்து, இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை, பதிவும் இல்லை என்று கடிதம் வந்திருந்தது. பிரஜாவுரிமை கேட்கப் பத்து வருஷம் விடாமல் பதிவில் இருக்கவேண்டும். அவளுக்கு ஒன்பது வருஷமும் எட்டு மாதமும். ஞாயிறு பலேர்மோவுக்குத் தமிழ்ப் பூசைக்கு வந்தவள், திங்கள் பன்னிரண்டு மணிக்குள் கொமூனே மேசைக்குப் போய்ச் சேர ஓடிக்கொண்டிருந்தாள்.

"முந்தி அங்கை கரூபு மரமும் ஆடும்தானாம். மலைக்குள்ளை கந்தகம் தோண்டினவங்கள், அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரெயில் விட்டவங்கள். ரெண்டு பாதை சந்திக்கிற இடத்திலை எஞ்சினுக்குத் தண்ணி வேணும், எஞ்சின்காரனுக்குப் படுக்க இடம் வேணும். அவ்வளவுதான் ஊர். வேறை ஒரு காரணமும் இல்லை. ஒரே ஒரு தெரு… அதிலையும் ஒரு பக்கந்தான் வீடு, மற்றப் பக்கம் தண்டவாளம். முன்வீடு எண்டு ஒருத்தருக்கும் கிடையாது, பாரும்.

"கொமூனே, டொக்டர், பெரிய கோயில் எல்லாம் மலையிலை, பழைய ஊரிலை. நாலு கிலோமீற்றர். மேலை இருக்கிறவை கீழை இருக்கிறவையை மதிக்கிறேல்லை. கீழை இருக்கிறவை என்னை. பஸ் ஒண்டு இருக்கு, ரெயில் வர அஞ்சு நிமிசம் முந்தி ஏறிப் போயிடும்.

"கந்தகம் முடிஞ்சுது. ஒரு பாதையைக் கழட்டிக் கொண்டு போட்டாங்கள். ஸ்டேசனிலை இப்ப ஆளில்லை, மிசின்தான் கதைக்கும். மணிக்கூடு நாலேகாலிலை நிண்டபடி. சின்யோரான்ரை தேப்பன் அங்கை கைகாட்டி இழுத்தவர். அவருக்குக் கீழை முந்நூறு பேராம். கைகாட்டி இழுக்கிறவனுக்குக் கீழை முந்நூறு பேர்… சரி, இருக்கட்டும்.

"ஓம், தலைமன்னாரும் ரெயில் முடியிற இடந்தான், எனக்குத் தெரியாதே? அங்கை கடலாவது இருந்துது."

கிளறா கடிதத்தை வாங்கி வாசித்தாள். கொமூனே ஆள் மூன்று முறை வந்து பார்த்ததாகத் தேதி போட்டிருந்தது.

"பொய்யில்லை, வந்தவன்தான். மூண்டாம் முறை நான் யன்னலாலை கண்டனான். தொப்பியும் பைலுமாய் வாசல்லை நிண்டு மேலையும் கீழையும் பாத்தான். நாலு வீட்டுக்கு நாலு பெல். நான் சின்யோராவைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்கிறன். அடிச்சால்தானே போய்த் திறக்கிறது? பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டானாம், அவள் தெரியாதெண்டாளாம். எப்பிடித் தெரியும்? ஆறு மாசமாய் நான் அவளோடை முகம் குடுத்துக் கதைச்சதில்லை… என்ன? பெல்லிலை பேரோ?"

  மரியமலர் கைப்பைக்குள் துழாவி, மடங்கிப்போன ஒரு ஸ்ரிக்கரை எடுத்து மடியில் வைத்து நீவினாள். பெயர் அச்சடித்து இருந்தது.

"சின்யோரான்ரை மகன், நான் அங்கை போன முதல் நாளே தந்தவன், ஒட்டச் சொல்லி. போர்கோ வெக்கியோவிலை பித்தளையிலை பேர் போட்டு இருந்தனான் பிள்ளை. இதை ஒட்டினால் நானும் அந்த ஊராள் எண்டெல்லே ஆயிடும்."

பிறகு ஒருநாள் நான் கர்ரூபாவுக்குப் போய்ப் பார்த்தேன். தெரு அவள் சொன்னபடியே இருந்தது. ஸ்டேசன் மணிக்கூடு மட்டும் நிற்கவில்லை, சரியான நேரம் காட்டியது. நாலாவது பெல்லில் அவள் பெயர், நடுவே ஒரு மடிப்போடு. உள்ளே அவள் தன் பதிவுச் சான்றிதழைக் காட்டினாள். பத்து வருஷம் இனித் தொடங்குகிற தேதி, அந்தத் திங்கட்கிழமை.