சிவப்பு வரேல்லை

உங்கடை அறிவித்தலைத் தட்டின உதயகலா இல்லைத் தம்பி. அவளை நேற்றே வேலையாலை நிப்பாட்டியாச்சு. கத்துறதெண்டால் என்னோடை கத்துங்கோ. முதல்லை உந்தக் கதிரையிலை இருங்கோ. முதலாளி சோமசேகரம் பன்னிரண்டு மணிக்கு வந்திடுவார். அதுக்குள்ளை உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்.

ஓம், தெரியும். உங்கடை அப்பான்ரை மரண அறிவித்தல். செத்தவீடெண்டு நீங்கள் எழுதித் தந்தது வியாழக்கிழமை, பதின்மூண்டாந் திகதி. எங்கடை இணையத்தளத்திலை வியாழக்கிழமை, பதினாலாந் திகதியெண்டு போயிட்டுது. திருகோணமலையிலையிருந்து மாமி பதினாலாந் திகதி வந்திறங்கேக்கை பந்தல் கழட்டிக்கொண்டு நிண்டவங்கள். தமையன்ரை முகத்தைக்கூட அந்த மனுசி பாக்கேல்லை. நீங்கள் ஏசிறது ஞாயம்.

சாட்டுச் சொல்லேல்லைத் தம்பி. இந்தக் கம்பியூட்டரைப் பாருங்கோ. திகதியும் கிழமையும் பொருந்தாட்டிச் சிவப்பெழுத்திலை எச்சரிக்கை வரவேணுமெண்டு புரோகிராம் எழுதி வைச்சவன் நான். ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, இரவிரவாய் முழிச்சிருந்து நானாய்ப் பழகினது. இப்ப வேணுமெண்டே திகதியைப் பிழையாய்ப் போடுறன். சேமிக்கிறன். என்ன தெரியுது?

ஓம், பச்சை. சேமிச்சாச்செண்டு பச்சை மட்டும். சிவப்பு எங்கை?

சேமிச்ச உடனை இந்தப் பக்கம் மூடுபட்டுத் திருப்பிப் புதுசாய்த் திறக்குது. என்ரை எச்சரிக்கை பழைய பக்கத்தோடை போயிடும். அதைக் கொஞ்சநேரம் வேறை இடத்திலை எடுத்துவைச்சு, புதுப்பக்கம் வந்தாப்பிறகு காட்டியிருக்கவேணும். நான் செய்யேல்லை. அந்தப் பிள்ளை கண்டது பச்சையைத்தான். நாளொண்டுக்கு நாப்பது சாவு தட்டிறவள், பச்சையைக் கண்டால் அடுத்ததுக்குத்தானே போவாள்?

தம்பி, எழும்பாதேங்கோ. செத்தவீட்டுத் திகதியை மாத்திப்போட்டவளெண்டு பேர் வந்திட்டுது. இனி மானிப்பாயிலை ஆர் அவளுக்கு வேலை குடுப்பினம்? முதலாளி வந்தோடனை, சிவப்பு வராததை என்ரை கண்ணாலை கண்டனெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வெளிநாட்டிலையிருந்து வந்த ஆள், முறைப்பாடு தந்த ஆள், நீங்கள் சொன்னால் கேப்பார். காலிலை விழச்சொன்னால் விழுறன்.

நானோ? நானே சொல்லலாந்தான்.

நேற்று முதலாளி எங்கள் ரெண்டுபேரையும் கூப்பிட்டுவைச்சுக் கேட்டவர், சிவப்பு வந்ததோ இல்லையோ எண்டு. அவள் வரேல்லையெண்டாள். நான், வந்தது, அவள்தான் கவனிக்கேல்லையெண்டன்.

அவள் அழேல்லை. வெளியிலை வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வரேல்லையெண்டு ரெண்டு மாசத்துக்கு முதலே உங்களிட்டைச் சொன்னனானெல்லோ அண்ணை எண்டாள்.

ஓம் தம்பி. சொன்னவள்தான்.