ஒரு கத்தலும் நாற்பத்தோராயிரம் ஃபைல்களும்

— இல்ல மச்சான், "உள்ள எங்கயாவது இருக்கும்"னு சொன்னா எப்படி? எந்த ஃபோல்டர்னு சொல்லுங்க.

— அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன் மாப்ளே. தங்கச்சி புருஷன் புரோகிராம் எழுதறவராச்சே, ஆபத்துக்கு உதவுவார்னுதானே லீவு போட வெச்சேன்.

— கழுதை கத்தினதைத் தேடப் போறேன்னு ஆபீஸ்ல சொல்ல வாய் வரல. பல்வலின்னு சொல்லியிருக்கேன்.

— லேசாச் சொல்லாதீங்க. பதினோரு வருஷமா ஓடற கார்ட்டூன் அது. டப்பிங் பூரா நம்ம ஸ்டூடியோ. அந்தக் கழுதை கத்தினாத்தான் பாதி ஊர்ல குழந்தைங்க பால் குடிக்குது. இப்ப கடைசி எபிசோடு. நாலு மணிக்குக் கம்பெனிக்காரங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. கத்தல் இல்லைன்னா அடுத்த தொடர் வேற ஸ்டூடியோவுக்குப் போயிடும். நான் கதவுல பூட்டைத் தொங்கவிட்டுட்டு, சாவியைத் தொலைச்சிட வேண்டியதுதான்.

— இப்பவே மூணே கால். இத்தனை நாளா எதை வெச்சு ஓட்டினீங்க?

— அந்த மூலைக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்துச்சு. போன வாரம் அது கண்ணை மூடிடுச்சு. ஒரிஜினல் சர்வர்ல இருக்கு. இருக்கணும்.

— பழைய எபிசோடுலருந்து வெட்டி எடுங்களேன்.

— எல்லாத்துலயும் பின்னணி இசை கலந்து கிடக்கு மாப்ளே. வெட்டினா கழுதையோட காலும் வயலினோட கையும் சேர்ந்து வருது.

— சரி, கத்தினவரையே மறுபடி கூப்பிட வேண்டியதுதானே.

— கூப்பிட்டேனே. "நான் கழுதைக்குக் கத்தினதே இல்ல"ங்கறார். பெரிய கலைஞன் அப்படித்தான் பேசுவான், தன்னடக்கம். அப்புறம் பதினாலு பேரைக் கத்தவெச்சுப் பார்த்தேன். அதுல ஒருத்தன் கழுதை வளர்க்கறவன், கழுதையையே மாடிக்கு ஏத்திக் கொண்டுவந்துட்டான். கம்பெனிக்காரங்க கேட்டுட்டு, "இது கழுதை மாதிரி இல்லையே"ன்னுட்டாங்க.

— நிஜக் கழுதையையா?

— அது அவமானம் தாங்காம ரெண்டு நாள் புல்லைத் தொடலையாம்.

— ம். சர்வரைத் திறந்துட்டேன். என்ன மச்சான் பேரெல்லாம் இது? "இறுதி". அதுக்குள்ள "இறுதி இல்லை". அதுக்குள்ள "சத்தியமா இறுதி". பக்கத்துல "தெரியலை". அப்புறம் இது என்ன, "அழிக்காதே", அதுக்குள்ள "அழிச்சாலும் பரவாயில்லை".

— அந்தந்த நேரத்து மனசு மாப்ளே. கணக்கு வாத்தியார் மாதிரி ஒண்ணு ரெண்டுன்னா போட முடியும்?

— ஒண்ணொண்ணாத் திறந்தா எனக்கு நிஜமாவே பல்வலி வந்துடும். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிடறேன்.

— ஜாவாஸ்கிரிப்ட்னா வெப்சைட்ல பட்டன் ஆடுமே, அதானே? எனக்குப் பட்டன் ஆட வேண்டாம், கழுதை கத்தணும்.

— அது பிரவுசருக்குள்ள ஓடறது, அதுக்கு ஃபோல்டர் பக்கமே போக அனுமதி கிடையாது. இது சர்வர்லயே ஓடறது. அதாவது, ஒரு ஃபோல்டரைத் திறக்கும், உள்ள இருக்கற பேரையெல்லாம் எழுதிக்கும். உள்ள இன்னொரு ஃபோல்டர் இருந்தா, தன்னையே மறுபடி கூப்பிட்டு, "நீ இதுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வா"ன்னு அனுப்பும்.

— தன்னையே கூப்பிடுமா? எங்க பெரியப்பா அப்படித்தான். வாசல்ல நின்னு தன் பேரையே சொல்லிக் கூப்பிடுவார். உள்ளருந்து "அவர் வெளிய போயிருக்கார்"னு அவரே பதில் சொல்லிட்டு, ஏமாந்து திரும்பிப் போயிடுவார்.

— இது பதிலோட திரும்பி வரும். இருங்க, பத்து வரிதான். ஆச்சு. ஓட விடறேன்.

— என்ன சொல்லுது?

— முடிஞ்சுடுச்சுங்குது. மொத்த ஃபைல்... பூஜ்யம்.

— பூஜ்யமா? பதினோரு வருஷ உழைப்பு மாப்ளே. ஒரு தும்மல்கூடவா இல்ல?

— பதறாதீங்க, தப்பு என்னோடது. உள்ள போய்ப் பார்த்துட்டு வான்னு ஆளை அனுப்பிட்டு, அவன் படி இறங்கறதுக்குள்ள "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுச்சு. நடுவுல ஒரு வார்த்தை விட்டுட்டேன். அவெயிட். காத்திருன்னு அர்த்தம்.

— உங்களுக்கு அந்த வார்த்தை எப்பவுமே வராது. ஆஸ்பத்திரியில தங்கச்சியை உள்ள கூட்டிட்டுப் போன அஞ்சாவது நிமிஷம் "பையன் பொறந்திருக்கான்"னு ஊர் பூரா ஃபோன் போட்டவர்தானே.

— அந்தக் கதை இப்ப எதுக்கு.

— பொறந்தது பொண்ணு. எங்க சித்தப்பா இன்னும் "பையன் எப்படி இருக்கான்"னுதான் கேட்கறார்.

— போட்டுட்டேன் மச்சான், அவெயிட். இப்ப பாருங்க. ஓடுது. "இறுதி", "இறுதி இல்லை", "தெரியலை"... நல்லாத்தான் போகுது. இது என்ன? "முக்கியம்", அதுக்குள்ள "ஸ்டூடியோ", அதுக்குள்ள "முக்கியம்", அதுக்குள்ள "ஸ்டூடியோ", மறுபடி "முக்கியம்"...

— நம்ம சர்வர் அவ்வளவு பெரிசா? எனக்கே தெரியாதே.

— பெரிசு இல்ல. "முக்கியம்" ஃபோல்டருக்குள்ள யாரோ மேல இருக்கற "ஸ்டூடியோ" ஃபோல்டருக்கே ஒரு லிங்க் வெச்சிருக்காங்க. புரோகிராம் உள்ள போய், வெளிய வந்து, மறுபடி அதே உள்ளயே போகுது.

— யாரோ இல்ல, நான்தான். உள்ள போனா திரும்பி வர வழி தெரியாம ரெண்டு தடவை தவிச்சுட்டேன். அதனால உள்ளருந்தே முன்வாசலுக்கு ஒரு கதவு வெச்சேன்.

— நல்ல கதவு. நாற்பது சுத்து சுத்திட்டு சர்வரே கையெடுத்துக் கும்பிட்டு நின்னுடுச்சு.

— பாவம், தண்ணி கிண்ணி ஏதாவது கொடுக்கணுமா?

— அதுக்கு வேண்டாம், எனக்குக் கொடுங்க. ம். லிங்க்கைப் பார்த்தா உள்ள நுழையாம தாண்டிப் போன்னு எழுதிட்டேன். மூணாவது தடவை. மணி என்ன?

— மூணு நாற்பது. சீக்கிரம் மாப்ளே.

— வந்துடுச்சு. நாற்பத்தோராயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு ஃபைல். ஒண்ணு விடாம.

— என் கண்ணு மாப்ளே நீங்க. "கழுதை"ன்னு தேடுங்க.

— தேடறேன். மூணு இருக்கு. "கழுதை நடை".

— அது நான் தேங்காய் மூடியில தட்டினது. அடுத்தது?

— "கழுதை தும்மல்".

— அது தும்மல்தான். நம்ம வாட்ச்மேனுக்கு ஜலதோஷம் பிடிச்சப்ப எடுத்தது. அடுத்தது, அடுத்தது.

— "கழுதை என்று நினைத்தோம், லாரி".

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கழுதைங்கற பேர்ல வேற எதுவும் இல்ல.

— அப்ப ஒண்ணொண்ணாக் கேட்டுடலாம்.

— ஒண்ணுக்குப் பத்து செகண்டுன்னு வெச்சாலும், தூங்காமக் கேட்டா அஞ்சு நாள் ஆகும். நமக்கு இருக்கறது பதினெட்டு நிமிஷம்.

— முடிஞ்சுது மாப்ளே. பூட்டு வாங்கணும்.

— மச்சான், தப்பா நினைக்காதீங்க. உள்ள போய் நீங்களே ஒரு தடவை கத்திப் பாருங்களேன்.

— நானா? இது பாடற தொண்டை மாப்ளே. தினம் காலையில முக்கால் மணி நேரம் சாதகம் பண்றேன். இதைக் கொண்டுபோய்க் கழுதைக்குக் கொடுக்கச் சொல்றீங்களே. அதுவும் இல்லாம அந்தக் கத்தலை யாராலயும் திரும்பப் பண்ண முடியாது. முதல்ல ஒரு இழுவை, நடுவுல மூச்சு உடையும், அப்புறம் மேல போகணும்னு ஆசைப்பட்டு, போக முடியாம, சரிஞ்சு விழும். பெத்த மனசு உருகிடும். அதைச் சும்மா பண்ணிட முடியுமா?

— யாரும்மா அது, கதவுகிட்ட... நீயா? ஆபீஸ்ல இருந்து நேரா வரியா?

— ஆமாங்க. கீழ வேன் நிக்குது. நாலு பேர் இறங்கி, எந்த மாடின்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டிருக்காங்க. என்னண்ணே, முகமெல்லாம் இப்படி வெளுத்துப் போயிருக்கு?

— கழுதையைக் காணோம் தங்கச்சி. சர்வர் பூராவும் சலிச்சாச்சு, உன் புருஷன் மூணு தடவை சலிச்சுட்டார். முதல் எபிசோடுக்குப் பதிவு பண்ணின அன்னிக்கு நீதானே இங்க மெஷின்ல உட்கார்ந்திருந்தே. கத்தலை எந்த ஃபோல்டர்ல வெச்சே?

— ஃபோல்டரா? பதினோரு வருஷம் ஆச்சு, யாருக்கு ஞாபகம். ஃபைல் பேரை வெச்சுத் தேடிக்கங்க.

— தேடிட்டோம். கழுதைன்னு இருக்கறதெல்லாம் நடை, தும்மல், லாரி. நீ என்ன பேர் வெச்சே?

— அதை அண்ணன் முன்னாடியேவா சொல்லணும்?

— என் முன்னாடி சொல்றதுக்கு என்ன. பூட்டைத் தொங்கவிடற நேரத்துல வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கு. படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேட்குது பாரு.

— அந்தக் கலைஞர் அன்னிக்கு வரவே இல்லண்ணே. பஸ் கிடைக்கலன்னுட்டார். சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும்னு கம்பெனிக்காரங்க நெருக்கினாங்க. நீ உள்ள தனியா இருந்தே. நானும் கையில என்ன இருந்துச்சோ அதைப் போட்டு அனுப்பிட்டேன். அவங்க கேட்டுட்டு ஆடிப்போயிட்டாங்க. அப்புறம் சொல்ல மனசு வரல.

— கையில என்ன இருந்துச்சு? ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறீங்க? சீக்கிரம் சொல்லு, மாப்ளே டைப் அடிக்கக் காத்துட்டிருக்கார்.

— என்னங்க, அடிச்சுக்கங்க. "மைக் ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு அண்ணன் பாடினது".