பதினேழாம் பக்கத்து மதாம்

— பதினேழாம் பக்கத்தத் திருப்பும்மா. ம்... இன்னும் ஒண்ணு. ஆங், அதான். இது யாரு?

— எதுங்க சார்?

— எதுங்க சாரா? இது பூவம் வாய்க்கால் கரை உடைப்பு ஃபைல். பதினாறாம் பக்கம் உடைப்போட நீள அகலம். பதினெட்டாம் பக்கம் எத்தனை மண் மூட்டை வேணுங்கறது. ரெண்டுக்கும் நடுவுல குளிக்கிற உடுப்போட, இடுப்புல ஒரு கைய வச்சிக்கிட்டு நிக்கிறாங்களே ஒரு அம்மா, இவங்க யாரு?

— அய்யய்யோ! இது எப்படி ஃபைலுக்குள்ள போச்சு?

— அத நான் கேக்கணும். சௌந்தரவல்லின்னு ஒரு கிளார்க்கு இந்த ஆபீஸ்ல இருக்கா. ஃபைல் கோக்கறது அவ வேலை.

— சத்தியமா தெரியாம வந்துடுச்சு சார். பின்பக்கம் வெள்ளையா இருந்த தாள்ல சும்மா வரைஞ்சது. டேக் போடறப்ப சேர்ந்து வந்திருக்கும். கிழிச்சிடட்டுங்களா?

— கிழிக்கிறதா? பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கும்மா இது! ஓரத்துல பச்சை மையில பெரிய ஆபீசர் கைலாசநாதன் எழுதியிருக்காரு பாரு. படி. சத்தமாப் படி.

— "பக்கம் பதினேழில் காணப்படும் பெண்மணி யார்? கரை உடைப்புக்கும் இவருக்கும் உள்ள தொடர்பு என்ன? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை."

— இன்னிக்கு மூணாவது நாள். இப்ப கீழ பாரு. அவங்க செருப்புக்குக் கீழ.

— "சரிபார்க்கப்பட்டது. அம்பலவாணன், சூப்பிரண்டு." சார்... உங்க கையெழுத்துங்க சார். சீலும் இருக்கு.

— சீலு எங்க விழுந்திருக்குன்னும் பாத்துக்க. முழங்காலு மேல. அன்னிக்குன்னு பாத்து என் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்திச்சு. நீ விரல் வச்ச எடத்துல எல்லாம் போட்டுத் தொலைச்சேன். காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கறப்பவே இந்த ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவன் நான். முப்பத்து மூணு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல. வர்ற தை மாசம் ரிட்டையரு.

— எனக்கும் இந்த மாசக் கடைசியிலதாங்க சார் வேலை நிரந்தரமாவணும்.

— தெரியும். அதனாலதான் உன்ன உக்கார வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். நம்ம ரெண்டு பேரு கதியும் இப்ப இந்தம்மா இடுப்புலதான் இருக்கு. பேப்பர எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. "மேற்படி பெண்மணி வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்."

— சார்!

— ஏன்? வெள்ளத்துல துணிமணி எல்லாம் போயிடுச்சு. அதான் இப்படி நிக்கிறாங்க. பொருந்துதுல்ல?

— துணிமணி எல்லாம் போனவங்க கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, காதுல தொங்கட்டான் மாட்டிக்கிட்டு, குதிகால் செருப்போடயா சார் கரை மேல நிப்பாங்க?

— அதுவும் சரிதான். அந்தச் செருப்போட பூவத்துச் சேத்துல ஒரு அடி வைக்க முடியாது. அடிச்சிடு. இப்படி எழுது. "மேற்படி பெண்மணி, கரையைப் பார்வையிட வந்த பிரான்சு தேசத்து நிபுணர்."

— பேரு என்ன, யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா?

— கேப்பாரு. கைலாசநாதன் கட்டாயம் கேப்பாரு. மூட்டைக்கு எத்தனை மண்வெட்டி மண்ணுன்னு கேட்டு எழுதுன மனுசன். சரி, விடு. நெசத்தச் சொல்லு. யாரு இவ?

— பொம்மைங்க சார்.

— பொம்மையா?

— ஆமாங்க சார். என்னோட பொம்மை. எங்க அத்தை வீட்டு மாமா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு. எனக்கு ஆறு வயசுல, அறுபத்து மூணுல, கப்பல்ல ஊருக்கு வர்றப்ப கொண்டாந்தாரு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருப்பா. உச்சியில தூக்கிக் கட்டுன குதிரைவாலு, நெத்தியில சுருட்டி விட்ட முடி, யாரையும் நேராப் பாக்காத ஓரக்கண்ணு. வெள்ளக்கார அம்மாங்கள மாமா அப்படித்தான் கூப்பிடுவாரு, அதனால பேரு மதாம்.

— மதாம். பேப்பர இங்க குடு, நானே எழுதிக்கிறேன். "மேற்படி மதாம்..." மேல சொல்லு.

— மூணு உடுப்போட வந்தா சார். இந்தக் கோடு போட்ட குளிக்கிற உடுப்பு, குடை மாதிரி விரியற செவப்பு கவுனு, ஒரு பச்சை கோட்டு. எங்கம்மா அஞ்சுகம் குளிக்கிற உடுப்பப் பாத்துட்டு, "இது என்ன கண்றாவி, ஆம்பளைங்க நடமாடற வீடு"ன்னு அன்னிக்குச் சோறே திங்கல. மறுநாளு தன்னோட கல்யாணப் பட்டுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி, சேலையாக் கட்டி விட்டு, பொட்டும் வச்சி, கொலுவுல செட்டியாரு பொம்மைக்குப் பக்கத்துல நிறுத்திப்புட்டாங்க.

— செட்டியாரு சம்சாரம் என்ன ஆனாங்க?

— அது முந்தின வருஷமே கை ஒடஞ்சி பரண்ல கெடந்துச்சு. தெரு பூரா சுண்டல் வாங்க வந்து, "செட்டியாரு ரெண்டாந்தாரமா வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டாரு"ன்னு சிரிச்சிட்டுப் போச்சு சார். ஒரு குறைதான். அவளுக்குத் தானா நிக்க வராது. பாதம் குதிகால் செருப்புக்குன்னே எக்கிக்கிட்டு இருக்கும். முதுகுக்கு அரிசி அளக்கற படிய முட்டுக் கொடுக்கணும்.

— "தன்னிச்சையாக நிற்க இயலாதவர்." எழுதிட்டேன். இப்ப எங்க இருக்கா? கொண்டாந்து காமி. நேர்ல பாத்தேன், பொம்மைதான்னு சான்று கொடுத்துடறேன்.

— இல்லைங்க சார்.

— இல்லைன்னா?

— ஒம்பது வயசுல காரைக்கால்மேட்டுக் கடலுக்குத் தூக்கிட்டுப் போனேன். குளிக்கிற உடுப்ப வச்சிக்கிட்டு ஒரு நாளு கூடக் குளிக்காம இருக்காளேன்னு மனசு கேக்கல. அம்மா கட்டுன சேலைய அவுத்து மடிச்சி மணல்ல வச்சேன். தண்ணி ஓரமா உக்கார வச்சிக் கையப் புடிச்சிக்கிட்டேன். பெருசா ஒரு அலை வந்திச்சு. கைய விட்டுட்டேன்.

— அடடா.

— மல்லாந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, நீந்தத் தெரிஞ்சவ மாதிரியே போனா சார். திரும்பிக்கூடப் பாக்கல.

— அழுதியா?

— நான் கத்துன கத்துல வலை பின்னிக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் ஓடியாந்துட்டாங்க. யாரு போனது, பேரென்ன, என்ன உடுத்தியிருந்தான்னு கேட்டாங்க. பேரு மதாம், கோடு போட்ட உடுப்பு, கூலிங் கிளாஸ் போட்டிருந்தான்னு சொன்னேன். வெள்ளக்காரி ஒருத்திய அலை இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு ரெண்டு கட்டுமரத்தத் தள்ளிட்டாங்க சார்.

— சிவ சிவா! கட்டுமரத்தையா?

— பாதிக் கடல்லேர்ந்து ஒருத்தரு, "எவ்வளவு ஒசரம்"னு கேட்டாரு. கைய விரிச்சுக் காமிச்சேன். அப்பத்தான் புரிஞ்சிச்சு அவங்களுக்கு. மாரிக்கண்ணுன்னு பேரு அவருக்கு. கரைக்கு வந்து அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். தலையத் தொவட்டிக்கிட்டே, "வலையில வந்தா ஒனக்குத்தான் பாப்பா"ன்னுட்டுப் போயிட்டாரு. அத நம்பி ஒரு மாசம், பள்ளிக்கூடம் விட்டதும் மீன் ஏலம் போடற எடத்துக்கு ஓடுவேன். கூடை கூடையா எட்டிப் பாப்பேன். மத்தி வந்திச்சு, சங்கரா வந்திச்சு. அவ வரல. கடைசியில மாரிக்கண்ணே மனசு கேக்காம பெரிய நண்டு ஒண்ணக் கையில கொடுத்து, "இத வச்சிக்க பாப்பா, இதுக்கு நடக்க வரும்"னாரு.

— சிரிக்கறதா அழறதான்னு தெரியலையேம்மா. அப்பறம்?

— அன்னிக்குப் படுத்துக்கிட்டு நெனச்சுப் பாக்கறேன், அவளோட எடது புருவம் ஞாபகத்துக்கு வரல. எந்திரிச்சி சிலேட்டுல வரைஞ்சேன். அதுலேர்ந்து பதினேழு வருஷமா வரையறேன் சார். இப்ப கடையில வர்ற பொம்மைங்கல்லாம் முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய இளிக்குது. என் மதாம் சிரிக்க மாட்டா. அதே கண் மை, அதே ஓரப்பார்வை, அதே அறுபத்து மூணு. ஒரு கோடு மாறினாலும் அவ இல்ல. உடுப்பு மட்டும் நானா யோசிச்சிப் போடுவேன். வெயிலுக்குப் பருத்தி கவுனு, ஐப்பசி மழைக்கு ஒரு கோட்டு, மாங்கனித் திருவிழாவுக்கு அகலமா ஒரு தொப்பி.

— ம். இரு, எழுதுனத வாசிக்கறேன். "பக்கம் பதினேழில் உள்ளவர் பெண்மணி அல்லர், பொம்மை. மேற்படி பொம்மை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு காரைக்கால்மேட்டில் கடலோடு போனது. ஆகையால் கரை உடைந்த காலத்தில் மேற்படியார் ஊரில் இல்லை. உடைப்புக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை."

— இதப் படிச்சா நம்மளப் பைத்தியம்னு நெனைக்க மாட்டாருங்களா சார்?

— நெனைச்சுக்கட்டும். பொய் சொன்னா மெமோ கொடுக்க விதி இருக்கு. பைத்தியத்துக்கு ஒரு விதியும் இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன். கடைசியில வழக்கமா ஒரு வரி வரணும். "இனிமேல் இத்தகைய படம் எதுவும் வரையப்பட மாட்டாது." அதுக்குக் கீழ நீ கையெழுத்துப் போடு.

— சரிங்க சார்.

— என்ன, பேனாவப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கே?

— ஒண்ணுமில்லைங்க சார். அப்ப கைய விட்டதுக்கு அலை மேல பழியப் போட்டேன். இப்ப யாரு மேல போடறதுன்னு பாத்தேன். இந்தாங்க, போட்டுட்டேன். வேலை வேணுமே.

— குடு. ஏம்மா, நெசமாவே வரைய மாட்டியா?

— எழுதிக் கொடுத்துட்டேனே சார். இனிமே இங்கயும் இல்ல, வீட்டுலயும் இல்ல.

— அய்யய்ய, அது வழக்கத்துக்குப் போடற வரிம்மா! நீ என்ன அத அப்படியே புடிச்சிக்கற? பேனாவக் கொண்டா இங்க. அடிச்சிடறேன்.

— வேணாங்க சார், அந்த வரி இல்லன்னா அவரு விட மாட்டாரு. தெரியாம ஒரே ஒரு தடவை ஃபைலுக்குள்ள போனதுக்கு நீங்க ஏன் சார்...

— ஒரே ஒரு தடவையா? ரெண்டு வருஷமா நீ கோத்த ஃபைலுங்கள்லேர்ந்து நான் உருவி எடுத்தது நாப்பத்தோரு படம். இது ஒண்ணுதான் எனக்குத் தப்புனது.

— நாப்பத்தொண்ணா! அத்தனையும் கிழிச்சிப் போட்டுட்டீங்களா சார்?

— கிழிக்கறதா? எங்க வீட்டுக்காரி லோகாம்பாள் கூடத்துச் சுவத்துல வரிசையா ஒட்டி வச்சிருக்காம்மா. புள்ளகுட்டி இல்லாத வீடு. நான் சைக்கிள விட்டு எறங்கறதுக்குள்ள, "இன்னிக்கு என்ன உடுத்தியிருக்கா"ன்னு வந்து நிப்பா. இப்ப போயி அவ பேரு மதாமுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? எங்க வீட்டுல அவ திரிபுரசுந்தரி.